கூஸ் வாத்து முட்டை கருக்கூடவில்லையா? ஆணின் வயதைக் கணக்கிட்டு ஜோடி சேர்க்கும் வழிமுறை

அடை வைத்த கூஸ் வாத்து முட்டைகள் எல்லாம் கூமுட்டையாகப் போனால், மதுரைப் பக்கத்தில் முதல் பழி பொரிப்பான் மீது விழும். அடுத்து மின்வெட்டு, அதற்கடுத்து பெட்டை, கடைசியில் ஊர்க்கண். ஆணுக்கு என்ன வயது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வாடிப்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டி வைத்திருக்கும் நான் இதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பணமும் பருவமும் கழிந்த பிறகே ஆணின் வயதில் வந்து நின்றேன். புதிதாக வளர்க்க வருகிறவர்களுக்கு அந்தச் சுற்று வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் அதிகம் கிடைப்பது மூக்கின் மேல் புடைப்பு உள்ள சீன இனக் கூஸ். வெள்ளையும் இருக்கும், பழுப்பும் இருக்கும். அதை மனத்தில் வைத்துத்தான் இந்தக் கணக்குகள். எம்டன், துலூஸ் போன்ற கனத்த இனங்களுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் வயதுக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

நன்றாகப் பராமரித்தால் கூஸ் வாத்து 20 வருடம்கூட உயிரோடு இருக்கும். பெட்டை 10 வயது வரை பயன்படும் அளவுக்கு முட்டை இடக்கூடியது. ஆணுக்கு அந்த நீளம் கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் குஞ்சாக வாங்கி வளர்த்தாலும், பெட்டை நல்ல நிலையில் இருக்கும்போதே ஆண் ஓய்ந்துவிடும். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

முதல் வருடத்தில், எட்டு ஒன்பது மாதத்திலேயே ஆண் கழுத்தை நீட்டிக்கொண்டு பெட்டையின் பின்னால் திரியும். மிதிக்கவும் செய்யும், அதாவது பெட்டையின் முதுகில் ஏறி இணை சேரவும் பார்க்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த வயதில் விந்தின் அளவு குறைவு, உறுப்பும் முழு வளர்ச்சி அடைந்திருக்காது. சில முட்டை கருக்கூடும், பல கூடாது. கோழிச் சேவலின் விந்தில் இருக்கும் செறிவு கூஸின் விந்தில் எந்த வயதிலும் கிடையாது. அதனால்தான் இங்கே சின்னக் குறைபாடும் உடனே முட்டையில் தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் வயதிலிருந்து நான்காம் வயது முடியும்வரை நல்ல காலம். ஐந்தாம் வயதில் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆறு தொடங்கிவிட்டால், பதிவேடு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஒழிய அந்த ஆணை நம்பிப் பருவத்தை ஓட்டக் கூடாது. பறவைக்குப் பறவை வித்தியாசம் உண்டு. ஏழு வயதில் நன்றாகக் கருக்கூட்டும் ஆணும் இருக்கும், நான்கிலேயே ஓய்ந்ததும் இருக்கும். ஆனால் பண்ணையைத் திட்டமிடுகிறவர் விதிவிலக்கை நம்பித் திட்டமிட முடியாது.

வயது ஏறும்போது என்ன நடக்கிறது? விந்தில் உயிருள்ள, குறையில்லாத உயிரணுக்கள் குறைகின்றன. உடல் கனத்துக் கொழுப்புச் சேர்கிறது. சிமெண்டுத் தரையில் வளர்ந்த வாத்துக்கு உள்ளங்காலில் காய்ப்பும் புண்ணும் வந்து, பெட்டையின் முதுகில் நிலைத்து நிற்க முடியாமல் சரிந்துவிடுகிறது. பழகிய ஒரு பெட்டையை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றவற்றை ஏறிட்டும் பார்க்காத ஆண்களும் உண்டு.

இவற்றில் பலவும் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. பட்டியில் முதலில் சீறுவதும், ஆள் வந்தால் இறக்கையை விரித்து ஓடி வருவதும் அந்த வயதான ஆண்தான். சத்தத்துக்கும் கருக்கூடுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

2. வாங்கும்போதே வயதைக் கையில் வாங்குங்கள்

திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் ஆடு கோழியோடு அவ்வப்போது கூஸும் வரும். சந்தையில் வாங்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நிற்கும் வாத்து பல கை மாறி வந்ததாக இருக்கும். விற்பவருக்கே அதன் வயது தெரியாது. கேட்டால் "ரெண்டு வருசம்" என்பார். எல்லா வாத்துக்கும் அதே இரண்டு வருடம்தான். எனக்கு ஆணை விற்ற வியாபாரியும் அதையே சொன்னார்.

முடிந்தவரை குஞ்சு பொரித்து வளர்க்கிறவரிடம் நேராகப் போய் வாங்குங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எந்த மாதம், எந்த வருடம் பொரித்தது? காலில் வளையமோ, விரலிடைச் சவ்வில் துளை அடையாளமோ இருக்கிறதா? இந்த ஆணும் இந்தப் பெட்டையும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவையா? வளர்ந்த ஆணை ஏன் விற்கிறீர்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பருவம் முடிந்து சித்திரை, வைகாசியில் தனியாக விற்பனைக்கு வரும் பெரிய ஆண், பெரும்பாலும் யாரோ ஒருவரின் பட்டியில் தேறாமல் கழித்துவிடப்பட்டது. விலை குறைவாக இருந்தால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வளர்ந்த கூஸின் வயதைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லும் வழி இல்லை. இளசா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம். வால் இறகுகளை விரித்துப் பாருங்கள். குஞ்சுப் பருவத்து இறகுகளின் நுனியில் சிறிதாக ஒரு வெட்டு இருக்கும். அது இருந்தால் வாத்து இன்னும் முதல் இறகு உதிர்ப்பை முடிக்கவில்லை. நெஞ்செலும்பின் பின் முனையை விரலால் அழுத்தினால் இளசில் வளையும், முற்றியதில் வளையாது. மூக்குப் புடைப்பு வயதோடு பெருக்கும், ஆணில் பெட்டையைவிடப் பெரிதாக இருக்கும். முற்றிய வாத்து மூன்று வயதா எட்டு வயதா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. அதனால்தான் என் ஒரே பரிந்துரை: ஆணை மூன்று நான்கு மாதக் குஞ்சாக வாங்குங்கள். காத்திருக்க வேண்டும்தான். ஆனால் அதன் வயது உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு பொறி "ஜோடி" என்ற சொல். ஜோடி என்று விற்கப்பட்ட இரண்டும் பெட்டையாக இருந்தால் முட்டை ஏராளமாக வரும், ஒன்றுகூடக் கருக்கூடாது. ஆணுக்குக் குரல் மெலிந்து கீச்சென்று இருக்கும். பெட்டையின் குரல் கனத்துத் தாழ்ந்திருக்கும். இதை நம்பி மட்டும் பணம் கொடுக்காதீர்கள். எச்சத்துவாரத்தை விரித்துப் பார்த்து ஆண் உறுப்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவர் ஆண் எது, பெட்டை எது என்று பிரித்தும் இருக்கமாட்டார்.

பணம் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டு வாங்குங்கள். பொரித்த மாதமும் வருடமும், வளைய எண், இனம், விலை, போட்ட தடுப்பூசி, விற்பவரின் கையெழுத்து. இதோடு "இரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆண் என்று விற்கப்பட்டது, பருவத்தில் கருக்கூடவில்லை என்றால் ஆணை மாற்றித் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வளர்ந்த ஆண் வாங்க வேண்டாம். குஞ்சு வேண்டுமானால் வாங்கலாம்.

கேரளத்திலிருந்து கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஆலப்புழை வட்டாரத்தில் 2021, 2024 போன்ற வருடங்களில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, குமுளி, போடிமெட்டு போன்ற எல்லைச் சாவடிகளில் கோழி வாத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். வாங்கும் இடத்துக் கால்நடை மருத்துவரின் நலச் சான்று இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவர முயல வேண்டாம். அந்தச் செலவும் அலைச்சலும் சேர்த்தால் உள்ளூர்க் குஞ்சே லாபம்.

3. செலவைப் போட்டுப் பாருங்கள்

பயனற்ற ஆணை வைத்திருப்பதில் தீவனச் செலவு பெரிதில்லை. புல் தாராளமாகக் கிடைத்தால் வளர்ந்த கூஸுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் தானியம் போதும். வருடத்துக்கு 55 கிலோ. கிலோ 25 ரூபாய் என்று வைத்தாலும் 1,400 ரூபாய்க்குள் முடியும். நஷ்டம் வேறு இடத்தில் நடக்கிறது. நான்கு பெட்டைகள் ஆளுக்கு 25 முட்டை இட்டால் பருவத்துக்கு 100 முட்டை. நூற்றுக்கு 80 கருக்கூடிய இடத்தில் 40 மட்டுமே கூடினால், ஒரே ஆணால் 40 குஞ்சுக்கான வாய்ப்பு போயிற்று. அந்த முட்டைகள் பொரிப்பானில் இடத்தையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொண்டது தனி. இந்த ஒரு கணக்கைப் போட்ட பிறகு "இன்னும் ஒரு வருடம் பார்ப்போமே" என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

4. பருவத்துக்கு ஆறு ஏழு வாரம் முன்பே சேர்த்துவிடுங்கள்

என் பட்டியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக் காற்று குளிர்ந்ததும் முட்டை தொடங்கும். ஐப்பசி கடைசி அல்லது கார்த்திகை. மாசி வரை ஓடும். பங்குனி வெயிலில் அடங்கிவிடும். எனவே ஆணை மாற்றுவதோ, புதிதாகச் சேர்ப்பதோ எதுவாக இருந்தாலும் ஆவணிக்குள், தப்பினால் புரட்டாசி முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும். கூஸ் வாத்து துணையைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. புதிய ஆணைப் பெட்டைகள் ஏற்றுக்கொள்ளவே வாரக்கணக்கில் ஆகும். முட்டை தொடங்கிய பிறகு ஆணை மாற்றினால் அந்தப் பருவத்தின் பாதியை இழப்பீர்கள்.

எத்தனை பெட்டைக்கு ஓர் ஆண் என்பதும் வயதைப் பொறுத்ததே. இரண்டிலிருந்து நான்கு வயதுள்ள சீன இன ஆணுக்கு நான்கு பெட்டை, மிஞ்சினால் ஐந்து. முதல் வருட ஆணை வேறு வழியின்றிப் பயன்படுத்தினால் இரண்டு போதும். ஐந்து வயதைத் தாண்டியதற்கும் அப்படியே குறைத்துவிடுங்கள். கனத்த இனங்களில் நல்ல வயது ஆணுக்கே இரண்டு மூன்றுதான்.

ஓர் ஆணும் அதன் பெட்டைகளும் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு, தனியாக அடைத்த ஒரு தடுப்பு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பலரும் செய்வது இது: வயதான ஆணை எடுக்க மனமில்லாமல், துணைக்கு ஓர் இளம் ஆணையும் அதே பட்டியில் விடுவார்கள். வயதானது மிதிக்காவிட்டாலும் இளையதை மிதிக்க விடாது. பெட்டை தண்ணீரில் இறங்கியதும் இளையது பக்கத்தில் வரும். உடனே மூத்தது கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு பாய்ந்து, இறக்கையின் கணுவால் அடித்துத் துரத்திவிட்டுத் திரும்பும். பெட்டை காத்திருந்து கரையேறிவிடும். நாள் முழுக்க இதே கதை. இரண்டு ஆண் இருந்தும் முட்டை எல்லாம் கூமுட்டை. இளையதைச் சேர்ப்பதானால் மூத்ததை அன்றே கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். வலைத் தடுப்பு மட்டும் இருந்தால் ஒன்றை ஒன்று பார்த்து வலையோரமே சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். தென்னங்கீற்றோ சாக்கோ கட்டிப் பார்வையை மறையுங்கள்.

தண்ணீரைப் பற்றி. சீன இனம் தரையிலும் சேரும். ஆனால் வயது ஏறிய, கனத்த ஆணுக்குத் தண்ணீர்தான் கால். மிதந்துகொண்டு சேரும்போது எடை பெட்டையை அழுத்தாது, புண்பட்ட காலும் தடையாக இருக்காது. ஆறடிக்கு ஆறடி, ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு தொட்டி போதும். வழுக்காமல் ஏறி இறங்கச் சாய்வு வேண்டும். காலையில்தான் அதிகம் சேரும். ஆகவே விடிந்ததும் முதலில் தண்ணீருக்குத் திறந்துவிட்டு, தீவனத்தைப் பிறகு வையுங்கள். பக்கத்தில் கண்மாய் இருக்கிறதே என்று அங்கே ஓட்ட வேண்டாம். மீன் குத்தகை எடுத்தவரோடு தகராறு வரும். அதைவிட, வலசை வரும் காட்டு வாத்துகளோடு கலந்தால் நோய் வரும்.

தீவனத்தில் இரண்டே எச்சரிக்கை. ஆணைக் கொழுக்க விடாதீர்கள். வாரம் ஒருமுறை நெஞ்சைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், குத்தக் கூடாது. அருகம்புல், வேலிமசால், அகத்தி தாராளமாகக் கொடுத்து, தானியத்தைக் கட்டுக்குள் வையுங்கள். இரண்டாவது, பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும். அவற்றில் வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு வாத்து இனம் மிக எளிதில் பலியாகும். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைத்தாலே போதும், பூஞ்சை வந்துவிடும். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள முட்டைக்கோழித் தீவனத்தை ஆணுக்கு மாதக்கணக்கில் கொடுப்பதும் நல்லதில்லை. பெட்டைக்குக் கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால் தேவையானது தானே தின்றுகொள்ளும்.

5. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இது இல்லாமல் மேற்கொண்டு சொல்லும் எதையும் செய்ய முடியாது. 40 பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் ஒவ்வொரு வாத்துக்கும் வளைய எண், பொரித்த மாதம், வருடம், எங்கிருந்து வந்தது, யாருக்குப் பிறந்தது. வருடத்துக்கு ஒரு நிறம் என்று பிளாஸ்டிக் வளையம் போட்டுவிட்டால் தூரத்திலிருந்தே வயது தெரியும்.

அடுத்த பக்கங்களில் தடுப்பு வாரியாக: முட்டை இட்ட தேதி, எந்தப் பெட்டை இட்டது என்று தெரிந்தால் அதன் வளைய எண், அடை வைத்த தேதி, டார்ச் வெளிச்சத்தில் கருவைப் பார்த்த முடிவு, பொரித்ததா இல்லையா. முட்டையின் மேல் தேதியும் தடுப்பு எண்ணும் பென்சிலால் எழுதுங்கள். மையோ மார்க்கரோ வேண்டாம், ஓட்டில் நுண்துளைகள் இருக்கின்றன.

6. முட்டையைச் சேமிப்பதில் ஆணுக்குப் பழி வாங்கித் தராதீர்கள்

மதுரை வெயிலில் இது பெரிய குழப்பம். கருக்கூடிய முட்டையை வெப்பமான அறையில் வைத்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, சில நாளில் செத்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட வெறும் முட்டை போலவே தெரியும். நல்ல ஆணைக் கழித்துவிடுவீர்கள்.

அடை வைக்கும் முட்டையை 20 டிகிரிக்குக் கீழே வைக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் ஈர மணல் பரப்பிய மண்பானையை வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு அதற்குள் வைக்கலாம். மணலின் ஈரம் முட்டையில் படாமல் நடுவே ஒரு தட்டோ வைக்கோலோ இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். தினமும் ஒருமுறை திருப்பிவிடுங்கள். தை வரை இந்த ஏற்பாடு தாங்கும். மாசிக் கடைசியில் பகல் சூடு ஏறத் தொடங்கினால் மூன்று நான்கு நாளிலேயே அடை வைத்துவிடுவது உத்தமம்.

7. கரு இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்

முதல் முறை அடை வைப்பதற்கு முன்பே பார்க்கலாம். பருவத்தின் முதல் சில முட்டைகள் சிறிதாக இருக்கும். அவற்றை எப்படியும் அடை வைக்கக் கூடாது. வெள்ளைத் தட்டில் உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெளிறிய புள்ளி இருக்கும். மேலே தெரியாவிட்டால் கரண்டியால் மெதுவாகப் புரட்டினால் வரும். கருக்கூடாத முட்டையில் அது சின்னதாக, கெட்டி வெள்ளையாக, ஓரம் ஒழுங்கில்லாமல் பிசிறடித்து இருக்கும். கருக்கூடியதில் புள்ளி சற்றுப் பெரிதாக, வட்டமாக, நடுவே தெளிந்து சுற்றிலும் வளையம் போட்டிருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டில் பார்த்துவிட்டால் பிறகு கண் தானாகப் பழகிவிடும். முட்டையும் வீணில்லை, பொரித்துச் சாப்பிடலாம். முதல் முட்டைகளில் கரு இல்லை என்பதற்காக உடனே முடிவு கட்டாதீர்கள். நல்ல ஆணிடமும் பருவத் தொடக்கத்தில் கருக்கூடுவது குறைவுதான். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒன்றிரண்டு உடைத்துப் பாருங்கள்.

இரண்டாம் முறை அடை வைத்த எட்டாவது நாளிலிருந்து பத்தாவது நாளுக்குள். இருட்டறையில், எல்இடி டார்ச்சை முட்டையின் அகன்ற பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். நடுவே கருத்த புள்ளியும் அதிலிருந்து கிளைவிட்ட செந்நிற நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கருக்கூடிச் செத்தது. ஒன்றுமில்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் வெறும் முட்டை. சந்தேகம் உள்ள வெறும் முட்டைகளை எறிவதற்கு முன் உடைத்துப் பாருங்கள்.

கணக்கு எளிது. கருக்கூடிய முட்டையோடு, செத்த கருவையும் கூட்டி, அடை வைத்த மொத்த முட்டையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். செத்த கருவைச் சேர்க்காமல் விட்டால் ஆணைத் தவறாகத் தண்டிப்பீர்கள். அது செத்ததற்குக் காரணம் வேறு. என் அளவுகோல்: 75க்கு மேல் இருந்தால் ஆணைத் தொட வேண்டாம். 50க்கும் 75க்கும் நடுவே என்றால் வயதைப் பாருங்கள், பெட்டையைக் குறையுங்கள். 50க்குக் கீழே தொடர்ந்தால் அடுத்த பருவத்துக்கு அந்த ஆண் இல்லை.

8. குறை ஆணிடமா, பெட்டையிடமா?

பதிவேடு இருந்தால் பதில் அதிலேயே இருக்கும். ஒரு பெட்டையின் முட்டை மட்டும் வெறுமையாக இருந்து மற்றவை நன்றாக இருந்தால், அந்தப் பெட்டையை ஆண் சேர்த்துக்கொள்ளவில்லை. உடைத்துப் பார்த்தும் எல்லாப் பெட்டைகளின் முட்டையும் வெறுமை என்றால் ஆணைத் தவிர வேறு எங்கும் தேட வேண்டாம். ரத்த வளையம் அதிகம் என்றால் சேமிப்பும் சூடும், அதற்கடுத்து அண்ணன் தங்கையாக ஜோடி சேர்ந்திருக்கிறதா என்பதும். கடைசி வாரத்தில் சாகிறது என்றால் பொரிப்பானின் ஈரப்பதம்.

பருவம் போகப் போக எண்ணிக்கை சரிவது எல்லா ஆணிடமும் உண்டு. வெயில் ஏறினால் விந்து கெடும். ஆனால் என் நோட்டில் வயதான ஆணின் சரிவு தை மாதத்திலேயே தொடங்கியிருந்தது. இளம் ஆணின் தடுப்பில் மாசி முடியும்வரை தாங்கியது. பருவத்தின் மொத்தச் சராசரியைப் பார்த்தால் இது தெரியாது. மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

ஆணை மாற்றிச் சோதிக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பழைய ஆணின் விந்து பெட்டையின் உடலில் பத்து நாள் வரை, சில நேரம் இரண்டு வாரம் வரை தங்கும். மாற்றிய மூன்று வாரத்துக்குப் பிறகு இட்ட முட்டையை வைத்துத்தான் புதிய ஆணைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

9. மருத்துவரிடம் காட்டுவது எப்போது?

நல்ல வயதில் இருக்கும் ஆணிடம் கரு குறைந்தால் கட்டாயம் காட்டுங்கள். பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்தில் தொடங்கலாம். திருப்பரங்குன்றத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பறவை வளர்ப்பில் ஆலோசனை கேட்க ஏற்ற இடம்.

போகும்போது நோட்டையும் வாங்கிய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட அந்த இரண்டும் வேலையைச் சுருக்கும். காலை வெயில் ஏறுமுன், காற்றோட்டமான கூடையில் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியவை: ஆண் உறுப்பில் புண், வீக்கம் உண்டா, வெளியே வந்தது உள்ளே போகிறதா, உள்ளங்கால் எப்படி இருக்கிறது, உடல் எடை அதிகமா, நுண்ணோக்கியில் விந்தைப் பார்க்க வசதி உண்டா. கூஸ் ஆணுக்கு உறுப்பு உள்ளே சுருண்டு மறைந்திருக்கும் என்பதால் நாமாகப் பார்த்தால் புண் கண்ணில் படாது. பலமாக அழுத்திப் பார்க்க முயல வேண்டாம்.

பருவத்துக்குள் மட்டும் போங்கள். இறகு உதிரும் காலத்தில் விரைகள் சுருங்கிவிடும். ஆனி, ஆடியில் சோதித்தால் மூன்று வயது ஆண்கூட மலடாகத் தெரியும். அந்த முடிவை வைத்துக்கொண்டு நல்ல ஆணை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

10. வாரிசை மூன்று வருடம் முன்பே வளர்க்கத் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஆண் ஓய்ந்த பிறகு மாற்று ஆண் தேடினால், சந்தையில் வயது தெரியாத ஒன்றைத்தான் வாங்க வேண்டியிருக்கும். குஞ்சாக வாங்கினால் அது நன்றாகக் கருக்கூட்டும் வயதுக்கு வர இரண்டு வருடம். பெட்டைகளோடு பழக ஒரு பருவம் போகலாம்.

ஆகவே இப்போதைய ஆணுக்கு மூன்று வயது ஆகும் வருடமே வாரிசுக் குஞ்சு வந்துவிட வேண்டும். 2025 கார்த்திகையில் பொரித்த ஆண் உங்களிடம் இருந்தால், 2027 பருவத்திலிருந்து முழுப்பலன். 2028 கடைசியில் அல்லது 2029 தொடக்கத்தில் வாரிசுகள் பட்டிக்குள் வர வேண்டும். 2030 பருவம் வரை மூத்தது ஓடும். 2031 ஆவணியில் மூத்ததை எடுத்துவிட்டு, இரண்டு வயது முடிந்த வாரிசைப் பெட்டைகளோடு சேர்க்கலாம். நடுவில் ஒரு பருவமும் காலியாகப் போகாது.

வாரிசாக ஒன்றை மட்டும் வைக்காதீர்கள். இரண்டு, முடிந்தால் மூன்று. நாய்க்கும் நோய்க்கும் ஒன்று போகும், கால் வளைந்து ஒன்று கழியும். சொந்தப் பட்டியில் பொரித்ததை அதே பெட்டைகளுக்கு வைக்க முடியாது, தாய்க்கும் மகனுக்கும் ஜோடி சேர்ந்துவிடும். வேறு ஊரில் கூஸ் வளர்க்கும் ஒருவரோடு பேசி ஆண் குஞ்சுகளை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் செலவில்லை. மாற்றிய தேதியையும் வளைய எண்ணையும் இரண்டு நோட்டிலும் எழுதிவிடுங்கள்.

வாரிசுகளைச் சின்ன வயதில் ஒன்றாகவே வளர்க்கலாம். எட்டு மாதம் தாண்டி அடித்துக்கொள்ளத் தொடங்கும்போது பிரியுங்கள். புல் தரையில் வளருங்கள். சிமெண்டுத் தரையில் நிறுத்தினால் காலில் வரும் புண் நான்கு வருடம் கழித்துக் கருக்கூடாமையாக வந்து நிற்கும்.

11. வயதான ஆணை என்ன செய்வது?

காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். தோப்புக்குள் ஆள் நுழைந்தால் நாயைவிட முன்னதாகச் சத்தம் கொடுக்கும். ஒரே நிபந்தனை, முட்டையிடும் பெட்டைகளின் தடுப்பிலிருந்து வெகு தூரத்தில் இருக்க வேண்டும். பழகிய வயதான பெட்டை ஒன்றைத் துணைக்கு விட்டால் அமைதியாக இருக்கும். அந்தப் பெட்டையின் முட்டையைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பதானால் காவல் வாத்து என்றோ கறிக்கு என்றோ சொல்லி விற்றுவிடுங்கள். வயதை எழுதிக் கொடுங்கள். "இனப்பெருக்கத்துக்கு நல்ல ஆண்" என்று சொல்லிப் புதிதாகத் தொடங்குகிற ஒருவரின் தலையில் கட்டாதீர்கள். விற்றதும் அதன் வளையத்தை வெட்டி எடுத்து, நோட்டில் அதன் பக்கத்திலேயே தேதியோடு ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் அதே நிற வளையத்தை வேறு குஞ்சுக்குப் போட்டுக் குழம்பாமல் இருக்க உதவும்.